கதவுக்குப் பின்னால் எழுதிய கணக்கு

மழை பெய்த மறுநாள் வந்தால் இன்னும் மணக்கும் என்று வாச்சர் ஐயா சொல்லியிருந்தார். மூடி ஏறத்தாழ 30 வருடமாகிவிட்ட கட்டடத்தில் அப்படி என்ன மணம் இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கொழும்பில் கிராண்ட்பாஸுக்கும் மட்டக்குளிக்கும் இடையில், லொறிகள் வரிசையாக நிற்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது அந்தப் பழைய பிஸ்கட், டொபி ஃபெக்டரி. டொபி காய்ச்சிய அறையின் கதவைத் தள்ளியதும் ஈரச் சுவரிலிருந்து கருகிய சீனியின் மணம் வந்தது. மெல்லியதுதான், ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளை டைல்களின் இடுக்குகளில் கறுப்பாக, பிசின் மாதிரி ஏதோ இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் அசையவில்லை. அதன் ஓரமாக எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது.

கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் போய்ப் படம் எடுப்பது இப்போது கொழும்பு இளைஞர்களிடையே ஒரு பழக்கமாகி வருகிறது. வெளிநாடுகளில் இது 1990களிலேயே ஒரு பொழுதுபோக்காக வளர்ந்து, தனக்கென்று சில விதிகளையும் வைத்துக்கொண்டது: எதையும் உடைக்காதே, எதையும் எடுக்காதே, இடத்தைக் காட்டிக்கொடுக்காதே. நம்மவர்கள் எடுக்கும் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. துரு, கொடி படர்ந்த சுவர், உடைந்த கண்ணாடி வழியே விழும் வெளிச்சம், பின்னணியில் பேய்ப்பட இசை. எனக்குள்ள ஆதங்கம் வேறு. ஓர் உணவு ஆலை என்பது வாசிக்கக்கூடிய பொருள். அங்கே என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், யார் எங்கே நின்றார்கள், ஏன் நின்றுபோனது என்பதெல்லாம் தரையிலும் சுவரிலும் கிடக்கிறது. வாசிக்கத் தெரியாமல் போனால் எல்லாப் பாழும் ஒரே பாழாகத்தான் தெரியும்.

முதலில் தரையைப் பாருங்கள். சாதாரணக் களஞ்சியத்தின் தரை மட்டமாக இருக்கும். உணவு ஆலையில் தரை எப்போதும் ஒரு பக்கம் சரிந்து வடிகாணில் போய் முடியும், ஏனென்றால் ஒவ்வொரு வேலைமுறை (ஷிஃப்ட்) மாறும்போதும் கழுவியாக வேண்டும். ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும், தண்ணீர் ஓடும் திசையைப் பிடித்துப் போனால் எந்த அறையில் அதிகம் கழுவினார்கள் என்பது தெரிந்துவிடும். சுவர் தரையைச் சந்திக்கும் மூலை வளைவாக இருந்தால் அங்கே மாவோ பாலோ கையாண்டிருக்கிறார்கள். செங்கோண மூலையில் அழுக்கு தங்கும் என்பதால் அப்படிப் பூசுவார்கள். தோள் உயரம் வரைக்கும் டைல், அதற்கு மேலே வெறும் சுண்ணாம்பு என்றால், தெறிக்கும் வேலை நடந்த இடம்.

அடுத்து நீளம். பிஸ்கட் ஆலைகள் ஏன் ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்டு கிடக்கின்றன என்று நான் முன்பு யோசித்ததுண்டு. காரணம் போறணை. நம் பேக்கரிகளில் பாண் சுடும் விறகுப் போறணை போன்றதல்ல இது. உருக்குப் பட்டி ஒன்று மெதுவாக நகர, அதன் மேல் வெட்டிய மா ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெந்து வெளியே வரும். அப்படிப்பட்ட போறணை 30 மீற்றரிலிருந்து 100 மீற்றர் வரை நீளும். அதோடு முடியாது. சூட்டோடு பொதி செய்தால் பிஸ்கட் நமத்துப் போகும், மெல்லிய வெடிப்பும் விழும். அதனால் போறணையைவிட நீளமான இன்னொரு பட்டியில் ஆறவிட்டுத்தான் பொதி செய்யும் மேசைக்கு அனுப்புவார்கள். நான் போன ஆலையில் போறணை இல்லை, இரும்புக்கு விற்றாயிற்று. ஆனால் அதன் கால்களைப் பிடித்திருந்த ஆணிகள் தரையில் இரண்டு வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. எட்டு வைத்து அளந்தேன்: 52 எட்டு. அவ்வளவு பெரிய ஆலையில்லை என்று அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கூரையும் பேசும். வாள்பல் மாதிரி ஏறி இறங்கும் கூரையை இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். கண்ணாடிப் பக்கத்தை வடக்கே பார்க்க வைத்தால் நேர் வெயில் விழாது, சீரான வெளிச்சம் மட்டும் வரும். அங்கே அது சரி. கொழும்பு பூமத்திய கோட்டிலிருந்து 7 பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் தலைக்கு நேரே வரும் சூரியன் செப்டெம்பர் தொடக்கம் வரை நமக்கு வடக்கேதான் நிற்கிறது. நான் போனது ஜூலையில். பகல் பன்னிரண்டு மணிக்கு வடக்குக் கண்ணாடிகள் வழியே வெயில் நேராக இறங்கி, பொதி செய்த மேசைகள் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக விழுந்தது. "ஆனி ஆடியில அந்த மேசையில யாரும் உட்கார மாட்டாங்க தம்பி, சாக்கைக் கட்டித்தான் உட்காருவோம்" என்றார் வாச்சர் ஐயா. மேலே பார்த்தால் கம்பிகளில் சாக்குக் கயிறுகள் இன்னும் தொங்குகின்றன. கூரையை வரைந்தவர் இந்த வெயிலை யோசிக்கவில்லை. மேசையில் இருந்தவர்கள் சாக்குக் கட்டிச் சரிசெய்துகொண்டார்கள்.

மற்ற ஆலைகளுக்கும் இதே மாதிரித் தடயங்கள் உண்டு. பழைய ஐஸ் ஆலை என்றால் தரைக்குள் பெரிய உப்புநீர்த் தொட்டி, அதன் மேலே பலகை மூடிகள் இருக்கும். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஒரு தகரப்பெட்டி, அதில்தான் ஐஸ் கட்டி உறையும். கொழும்பு ஐஸ் கம்பனி 1866இல் தொடங்கியது. பின்னாளில் எலிஃபன்ட் ஹவுஸ் ஆனது அதுதான். பல தலைமுறை ஐஸும் சோடாவும் கொம்பனித்தெருவிலிருந்துதான் போயின. உற்பத்தி ரணாலைக்குப் போய்விட்டது, கிளெனி வீதியை ஒட்டி இப்போது சினமன் லைஃப் கோபுரங்கள் நிற்கின்றன. தேங்காய் எண்ணெய் ஆலை என்றால் தரையே காட்டிக்கொடுக்கும். கொப்பரையைப் பிழிந்து எண்ணெய் ஒரு பக்கமும் புண்ணாக்கு மறுபக்கமும் போன இடத்தில் சீமெந்து கறுத்து, எத்தனை வருடம் போனாலும் மழைக்கு வழுக்கும். புதுக்கடை மீரானியா வீதியில் பி.சி.சி. (பிரிட்டிஷ் சிலோன் கோப்பரேஷன்) எண்ணெய் ஆலை இருந்ததை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மணத்தை வைத்தே சொல்வார்கள்.

சில நேரம் கட்டடமே போனாலும் பெயர் நிற்கும். நாரஹேன்பிட்டியில் தினமும் ஆயிரக்கணக்கானோர் போய் வரும் கிரிமண்டல மாவத்தைக்கு ஏன் அந்தப் பெயர் என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? கிரி என்றால் சிங்களத்தில் பால். கிரிமண்டலம், அதாவது பால் சபை. பால் பதனிட்ட இடத்தின் பெயர் அது. மலிபன் பிஸ்கட் 1954இல் தொடங்கியபோது புறக்கோட்டை மலிபன் வீதியின் பெயரைத்தான் தன்னோடு எடுத்துக்கொண்டு போனது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

அந்த ஆலையில் அறிவிப்புகளை மட்டும் தேடிக்கொண்டு ஒரு சுற்று நடந்தேன். கொதிகலன் அறையில் பழைய எனாமல் பலகை, ஆங்கிலத்தில். அது 1956க்கு முந்தியதாக இருக்கலாம். கலவை அறை, பொதி அறை, கை கழுவும் தொட்டி எல்லாவற்றிலும் சிங்களத்தில் வர்ணம் தீட்டிய எழுத்து. சிங்களத்தை மட்டும் அரச கருமமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதும் எழுந்த பலகைகளின் சாயல். தமிழில் ஒரு பலகைகூட இல்லை. இத்தனைக்கும் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் தமிழர் என்கிறார் வாச்சர் ஐயா. கொட்டாஞ்சேனை முடுக்குகளிலிருந்து வந்தவர்கள், மலையகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள், அதற்கும் முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நேராக வந்தவர்கள். எழுதப்பட்ட சுவரை மட்டும் நம்பினால் அவர்கள் அங்கே இருக்கவே இல்லை.

அப்புறம்தான் மா களஞ்சியத்தின் கதவைச் சாத்திப் பார்த்தேன். திறந்தே கிடக்கும் கதவு அது, அதன் பின்பக்கம் எப்போதும் சுவரோடு ஒட்டி நிற்கும். சாத்தியதும் பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. தமிழில். "மா 14 மூட்டை. சீனி 6. வெண்ணெய் வரவில்லை." கீழே கோடுகள், நான்கு நின்ற கோடும் குறுக்கே ஒன்றுமாக, வரிசை வரிசையாக. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் "க" என்று ஓர் எழுத்து. இரண்டு மூன்று கைகளின் எழுத்து இருக்கிறது. ஒருவர் எழுத்து மணிமணியாக, பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பழகியவர். இன்னொருவர் அழுத்தி எழுதி மரத்தையே கீறியிருக்கிறார்.

"கிலோவா ஐயா?" என்று கேட்டேன்.

"கிலோ எங்க தம்பி அப்ப, எல்லாம் இறாத்தல்தான். அது கலவை. ஒரு கலவை போட்டா ஒரு கோடு. சுப்பவைசர் சிங்களத்துல புத்தகத்துல எழுதுவார், நாங்க கதவுல எழுதுவோம். மாசக் கடைசில ஓவர்டைம் கணக்குக்கு ரெண்டும் சரிவரணும்."

தங்கள் உழைப்பைத் தாங்களே எண்ணி வைத்திருக்கிறார்கள். சுப்பவைசரின் புத்தகம் எப்போதோ கரையான் தின்று போயிற்று. கதவு நிற்கிறது. அந்த மணிமணியான எழுத்து யாருடையது என்று கேட்டதற்கு, "அவர் கப்பலேறிட்டார்" என்றார். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது அதை நாம் நினைக்கிறோம். கொழும்பு ஆலைகளின் கலவை அறைகளிலிருந்தும் ஆட்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள் என்பதைச் சொல்வது குறைவு.

சரி, இப்படிப்பட்ட ஆலைகள் ஏன் மூடின? காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தவை. இந்த ஆலைகள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அமைந்ததே மாவும் சீனியும் கப்பலில் வந்ததால்தான். 1970களின் முற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. மா கிடைப்பது கஷ்டம், பாணுக்கே வரிசை. ஆனால் வெளிநாட்டு டொபியும் பிஸ்கட்டும் வராததால் கிடைத்த மாவில் எதைச் செய்தாலும் விற்றது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது மூலப்பொருள் தாராளமாக வந்தது, கூடவே போட்டியும் வந்தது. புதிய போறணை இறக்கப் பணமிருந்தவர்கள் வளர்ந்தார்கள். அவர்கள் இரத்மலானை, பன்னிப்பிட்டி என்று இடமுள்ள பக்கம் அமைந்தவர்கள், லொறி திரும்ப முற்றம் இருந்தது. ஒழுங்கைக்குள் மாட்டிக்கொண்ட சிறிய ஆலைகளுக்கு இரண்டும் இல்லை.

1983ஐ விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்த ஜூலையில் இரத்மலானையிலும் கொழும்பின் மற்றப் பகுதிகளிலும் தமிழருக்குச் சொந்தமான தொழிற்சாலைகள் எரிக்கப்பட்டன. அவற்றில் எல்லா இனத்தவரும் வேலை செய்தார்கள். எரியாமல் தப்பிய ஆலைகளிலும் ஏதோ ஒன்று முடிந்துவிட்டது. முதலாளி குடும்பத்தோடு சென்னைக்கோ லண்டனுக்கோ போனார், மனேஜர் ஒருவர் நடத்திப் பார்த்தார், இயந்திரம் பழுதானபோது புதிது வாங்கும் முடிவை எடுக்க ஆளில்லை. இப்படி மெதுவாக மூடியவற்றை எரிந்தவற்றின் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நான் பார்த்த ஆலையின் கதை இதுதான்.

மூடிய பிறகு ஏன் இடிக்காமல் நிற்கின்றன என்பது இன்னொரு கேள்வி. கொழும்பில் ஒரு பேர்ச்சஸ் காணியின் விலை இருக்கும் நிலையில் ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறதென்றால், அங்கே பெரும்பாலும் வழக்கு இருக்கிறது. வாரிசுகள் மூன்று நாடுகளில் இருப்பார்கள். வங்கிக்கு ஈடு வைத்திருப்பார்கள். பிரிவினை வழக்கு பிள்ளைகளிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்குப் போயிருக்கும். வழக்கு முடியும் நாளில் கட்டடமும் முடியும். ஆகவே நீங்கள் பார்க்கும் பாழ் ஒவ்வொன்றும் ஒரு நீதிமன்றத் தவணையால் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் அதைக் காப்பாற்றாதா? நமது தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அதில் புராதனச் சின்னம் என்பதற்கு ஒரு திகதி இருக்கிறது: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்தியவை தாமாகவே பாதுகாப்புக்குள் வரும். கொழும்பின் ஆலைகள் எல்லாம் அந்தத் திகதிக்குப் பிந்தியவை. யாராவது தனியாக முன்மொழிந்து அறிவித்தால்தான் உண்டு. அந்தத் திகதிக்கு முந்திய டச்சு வைத்தியசாலையைத் திருத்தி 2011இல் கடைத்தொகுதியாகத் திறந்ததைப் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். வெள்ளவத்தை நூல், நெசவு ஆலையில் 1933இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, தொழிற்சங்க வரலாற்றில் முக்கியமான இடம். அங்கே இப்போது ஹெவ்லொக் சிற்றி மாடிகள். டொபி ஃபெக்டரிக்காக யார் முன்மொழியப் போகிறார்கள்?

அதனால்தான் படம் எடுக்கப் போகிறவர்கள் எனக்கு முக்கியம். அவர்கள் போகாமல் இருப்பது நல்லது என்று நான் நினைக்கவில்லை. அனுமதியோடும் கவனத்தோடும் போக வேண்டும் என்றுதான் சொல்வேன். தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு, குற்றம் செய்யவோ, இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணி மற்றவர் உடைமைக்குள் நுழைவதை அத்துமீறல் என்கிறது. என் எண்ணம் அதுவல்ல என்று பொலிஸ் நிலையத்தில் நின்று விளக்குவது, அதிலும் தமிழ்ப் பெயரோடு நின்று விளக்குவது, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு வாரிசு ஒருவரின் சட்டத்தரணி ஒரு கடிதம் தந்தார். நான்கு வரிதான். அதைப் பெற இரண்டு மாதம் ஆனது. கடிதம் இருந்ததால்தான் வாச்சர் ஐயா கூடவே நடந்தார், அவர் கூட நடந்ததால்தான் கதவின் கணக்கு எனக்குப் புரிந்தது. மதில் ஏறிக் குதித்திருந்தால் கோடுகளைப் படம் எடுத்து வந்திருப்பேன், அவ்வளவுதான்.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விளையாட்டில்லை. அஸ்பெஸ்டஸ் கூரை உடைந்து கிடந்தால் அதன் மேல் நடக்கவோ தட்டவோ வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பல பத்து வருடம் கழித்து வேலையைக் காட்டும். சீனிப்பாகுத் தொட்டி, தானியக் குழி, உப்புநீர்த் தொட்டி எதற்குள்ளும் இறங்க வேண்டாம். மூடிக் கிடந்த குழிக்குள் ஒட்சிசன் குறைந்திருக்கும், இறங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. ஐஸ் ஆலைக் குழாய்களில் அமோனியா மிச்சமிருக்கலாம், எந்த வால்வையும் திருகாதீர்கள். தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். தகரக் குவியலுக்குள் கை விட வேண்டாம், புடையன் பாம்பு இருக்கும். முழுக்கைச் சட்டை, தடித்த அடியுள்ள சப்பாத்து, டோர்ச், கூட ஒரு ஆள். நுளம்பு பெருக விட்ட வளவுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம் என்பதால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து போவார். அவர் வந்த அடுத்த வாரம் போனால் புதரும் வெட்டியிருக்கும்.

போனால் என்ன படம் எடுக்கலாம்? கதவுகளின் பின்பக்கம். அலுமாரிகளின் உட்பக்கம். இயந்திரத்தின் பெயர்த்தகடு இருந்தால் அதன் இலக்கம். கை கழுவும் தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டிய சாமிப்படத்தின் தடம். நான் போன பொதி அறையில் இலட்சுமி, அந்தோனியார், புத்தர் மூவருக்கும் மூன்று ஆணி, மூன்று சாம்பல் நிறச் சதுரம், பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு படத்திலும் அளவு தெரிய ஒரு பேனையை வையுங்கள். எந்த அறை, எந்தப் பக்கச் சுவர் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். செம்புக் கம்பியும் மோட்டரும் போன பிறகு பழைய இரும்புக்காரர் கதவுகளுக்கு வருவார், தேக்கு என்றால் இன்னும் சீக்கிரம் வருவார்.

கட்டடத்துக்கு வெளியேயும் ஆவணம் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி (ஈ.பீ.எஃப்.) சட்டம் 1958இல் வந்தது. அதன் பிறகு ஓர் ஆலையில் வேலை செய்த எவருக்கும் ஓர் அங்கத்தவர் இலக்கம் உண்டு, ஆலைக்கும் ஓர் இலக்கம் உண்டு. உங்கள் அப்பாவோ தாத்தாவோ கொழும்பில் ஃபெக்டரி வேலை பார்த்திருந்தால் வீட்டு அலுமாரியில், பிறப்புச் சான்றிதழ்களோடு, பழைய ஈ.பீ.எஃப். கடதாசி ஒன்று இருக்கக்கூடும். அதைப் படம் எடுத்து வையுங்கள்.

நான் கிளம்பும்போது வாச்சர் ஐயா தன்னுடையதைக் கொண்டுவந்து காட்டினார். 'பீ காட்' என்ற ஈ.பீ.எஃப். அட்டையின் போட்டோ பிரதி, நான்காக மடித்து, சீனிப் பொதியின் பொலித்தீன் பைக்குள். வாயிற்கதவின் மேலிருந்த இரும்பு எழுத்துகளை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஆணித் துளைகள் மட்டும்தான் இருக்கின்றன. ஆலையின் முழுப் பெயரை நான் முதன்முதலில் பார்த்தது அந்தக் கடதாசியில்தான். "காசெல்லாம் எடுத்தாச்சு தம்பி, இது சும்மாதான் வச்சிருக்கேன்" என்று சொல்லி, மடிப்புக் கிழியாமல் மறுபடி பைக்குள் வைத்தார்.